நெஞ்சுக்குள் இழுபட்ட கயிறு

கடலில் காணாமற்போன ஒருவர் தன் நெஞ்சுக்குள்ளிருந்து கயிற்றை இழுத்து அழைக்கிறார் என்று ஒரு மனிதர் அமைதியாகச் சொல்லும்போது, அது நோய் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இந்தக் கேள்வியை எந்த விரிவுரையிலும் நான் சந்தித்ததில்லை. கற்பிட்டிக் களப்போரத்தில், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த ஒரு வெயில் பொழுதில், என் சாச்சா என் வலக்கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டபோதுதான் அது என் முன்னால் வந்து நின்றது.

அவர் என் வாப்பாவின் தம்பி. பூவரச மரத்தின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், சட்டை போடாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகிலிருந்து அக்குளுக்குக் கீழாக வளைந்து வந்த சத்திரசிகிச்சைத் தழும்பு இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது. காலையிலிருந்து வீசிய கச்சான் காற்று அந்நேரம் ஓய்ந்திருந்தது. வேலிக்கு அப்பால் இரண்டு கழுதைகள் வாலைக்கூட அசைக்காமல் நின்றன. என் உள்ளங்கையின் கீழ் முதலில் ஓர் அடி விழுந்தது. பின்னர் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. அதன்பின் எதுவும் வரவில்லை. அந்த வெறுமை நீண்டுகொண்டே போனதில் நான் பயந்து அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அப்போது, கீழே எங்கோ ஒருவர் விழித்துக்கொண்டதுபோல, அடிகள் தடதடவென்று ஓடிவந்தன.

“பாரு மகள், இழுக்கிறான்,” என்றார்.

“ஆரு சாச்சா?”

“வேற ஆரு, என்ட மச்சான்தான். அவன விட்டா என்ட கயிறு ஆருக்குத் தெரியும்?”

இந்தப் பதிலை விளங்கிக்கொள்ள, எங்கள் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடியவர்களின், அதாவது மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவர்களின், பழைய வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காற்றுச் சிலிண்டர்கள் பரவலாக வருவதற்கு முன்னர், சுழியோடி தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மறுமுனை வள்ளத்தில் இருப்பவரின் கையில் இருக்கும். கீழிருந்து ஒருதரம் இழுத்தால் சுகமாக இருக்கிறேன் என்று பொருள். இருதரம் இழுத்தால் இன்னும் கயிறு விடவேண்டும். மூன்றுதரம் இழுத்தால் கேள்வி கேட்காமல் தூக்கிவிடவேண்டும். அந்த மறுமுனையை எவரிடமும் கொடுத்துவிட மாட்டார்கள். சுழியோடியின் மனைவியின் சகோதரன்தான் அதைப் பிடிக்கவேண்டும். உடன்பிறந்தவனுக்குக்கூடச் சொத்தில் ஒரு கண் இருக்கலாம், தன் சகோதரி விதவையாவதை விரும்பும் மச்சான் எவனும் இல்லை என்பது அவர்கள் கண்ட நியாயம். சாச்சாவின் கயிற்றை, அவர் மனைவியான என் சாச்சியின் நானா, அதாவது அவளுடைய ஒரே மூத்த சகோதரர், பிடித்தார். இருவரும் சிறுவயதிலிருந்தே கூட்டாளிகள். கலியாணம் பேசியபோது, “பொண்ணு பாக்க வரல்ல, கயிறு புடிக்க ஆள் பாக்க வந்திரிக்கான்” என்று நானா சாச்சாவைக் கேலி செய்ததை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒருநாள் சாச்சாவுக்குக் கடுமையான தடிமன். மூக்கு அடைத்திருந்தால் ஆழத்தில் காது வெடித்துவிடும் என்பதால் தானே இறங்குவதாக நானா சொல்லியிருக்கிறார். அன்று ஒருநாள் மட்டும் கயிறு கைமாறியது. மூன்றுதரம் இழுபட்டது என்றும், உடனே தூக்கினேன் என்றும் சாச்சா பின்னர் எல்லோரிடமும் ஒரேவிதமாகச் சொன்னார். கயிறு பாரமில்லாமல் வந்தது. இடுப்பில் போட்ட வளையம் அவிழவும் இல்லை, அறுபடவும் இல்லை. முடிச்சு முடிச்சாகவே இருந்தது. உள்ளே இருக்கவேண்டிய ஆள் மட்டும் இல்லை. பல நாள் தேடினார்கள். மய்யித்தாகக்கூட உடல் கிடைக்கவில்லை. நான் அப்போது சிறுபிள்ளை. பெண்கள் அழுத சத்தம் எனக்கு நினைவில்லை. வேலியில் காயப்போட்டிருந்த அந்தக் கயிற்றின் வளையத்தைப் பார்த்தபடி சாச்சா நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எவர் கையிலும் கயிறு கொடுக்கவில்லை. சிலிண்டர் வந்தபின் அதைக் கட்டிக்கொண்டு இறங்கினார். சாச்சியோ தன் நானாவை ஒருபோதும் இறந்தவர் என்று சொன்னதில்லை. ‘கடலுக்குப் போனவர்’ என்பாள்.

பல வருடங்களுக்குப் பின் சாச்சாவுக்கு இருமலில் இரத்தம் வந்தது. வலது நுரையீரலில் ஒரு கட்டி இருப்பதாகவும், அந்தப் பகுதியை வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்றும் கொழும்பில் சொன்னார்கள். நான் அப்போது புத்தளத்தில், நோயாளர்களின் வீடுகளுக்குச் சென்று நலன் பார்க்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வைத்தியசாலை நடைமுறைகள் ஓரளவு தெரிந்தவள் என்பதால் நானே கூடப் போய் நின்றேன். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் பேசிய முதல் வாக்கியம் சாச்சிக்கானது: “மூச்சுல ஒரு பங்க எடுத்துட்டாங்க. இனி நீ பத்துத் தரம் கூப்பிட்டா நான் அஞ்சு தரம்தான் பதில் சொல்லுவன்.” சாச்சி திருப்பிக் கொடுத்தாள்: “முந்தி மட்டும் பத்துக்கும் பதில் சொன்னவராக்கும்!” பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

சில நாட்களில், கட்டிலருகே இருந்த திரையில் ஓடிய பச்சைக்கோடு திடீரென ஒழுங்கிழந்தது. தாதிகள் ஓடிவந்தார்கள். நோயாளர் விடுதியின் இளம் வைத்தியர், யாழ்ப்பாணத்துப் பெண், எங்களை வெளியே அழைத்துப் பொறுமையாக விளக்கினார். நுரையீரலில் கைவைத்தபின் பலருக்கும் இப்படி நேர்வதுண்டாம். இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும்; பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். ஆனால் கவனிக்காமல் விட்டால் அந்த நடுங்கும் அறைக்குள் இரத்தம் தேங்கி உறையும். உறைந்த துணுக்கு ஒன்று மூளைக்குப் போனால் கைகால் விழும், உயிரும் போகலாம். “பக்கத்து வீட்டில சுவர் இடிச்சா எங்கட வீடும் அதிரும்தானே அம்மா, அப்பிடித்தான்,” என்று அவர் சாச்சியிடம் சொன்னார். மருந்தில் அது அடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது குளிசைகளைத் தந்து, ஒன்றையும் விடாமல் போடவேண்டும் என்றும், நெஞ்சு நோவு, மூச்சு முட்டுதல், மயக்கம், படபடப்பு எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்றும் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார்கள். யாரும் தங்கள் கடமையில் குறை வைக்கவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வீடு திரும்பிய சாச்சா முன்னரைவிடச் சாந்தமாகிவிட்டார் என்று சாச்சி தொலைபேசியில் சொன்னாள். முதலில் அதை நற்செய்தியாகத்தான் சொன்னாள். பின்னர் அவளுடைய குரல் மாறியது. சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே கையை நிறுத்திவிடுகிறாராம். கண் திறந்திருக்குமாம், ஆனால் கூப்பிட்டால் கேளாதாம். தலையைச் சற்றே கீழே சாய்த்து, தரைக்கு அடியில் ஏதோ ஓடுவதைக் கவனிப்பவர்போல அப்படியே இருப்பாராம். பிறகு நீண்ட மூச்சொன்றை விட்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்குவாராம். அயலவர்கள் கடல் ஜின் என்றார்கள். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தபோது, மறுக்காமல் குடித்துவிட்டு, “நல்ல தண்ணி, கொஞ்சம் சீனி போட்டிரிக்கலாம்” என்றிருக்கிறார். வைத்தியசாலைக்குப் போவோம் என்றால் மட்டும் அசையவில்லை. நோவு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. மூச்சு முட்டுகிறதா, மயக்கமா, அதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நேர்ந்துகொண்டிருந்தது எங்கள் கேள்விகள் எதற்குள்ளும் இல்லை. “நீ கெம்பஸ் முடிச்ச புள்ள, ஒருக்கா வந்து கதைச்சிப் பாரு,” என்று சாச்சி கேட்டுக்கொண்டதன் பேரில்தான் நான் அன்று போயிருந்தேன்.

நெஞ்சிலிருந்து என் கையை எடுக்க அவர் விடவில்லை. அந்தக் கணத்தை நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், இதயம் நடுங்குகிறது என்று என் படிப்பு சொல்லிக்கொண்டிருந்தபோதே, என் உள்ளங்கை வேறொன்றை நம்பியது. ஆழத்திலிருந்து, ஒரு கையால், வேண்டுமென்றே இழுக்கப்படுவதுபோலத்தான் அது இருந்தது. “எத்தின தரம் இழுக்கிறாரு?” என்று கேட்டேன்.

“அதுதான் வெளங்குதில்ல. ஒண்டு இழுக்கிறான், ரெண்டு இழுக்கிறான், பொறகு சும்மா இரிக்கிறான். பொறகு ஒரேயடியா இழுக்கிறான். கணக்குப் பிழைக்குது.” பிறகு யாருடைய உடல்நிலையையோ கவலையோடு விசாரிக்கும் தொனியில் சொன்னார்: “எவ்வளவு காலம் தண்ணிக்குள்ள கெடக்கான். கை வெறச்சிப் போயிரிக்கும்.”

நான் அடுத்ததைக் கேட்டேன்.

“அது வரக்குள்ள நீங்க ஏன் அசையாம இரிக்கிறீங்க?”

“கீழ இரிக்கக்குள்ள நெஞ்சு அடிச்சா அசையக்கூடா. அசைஞ்சா மூச்சு செலவாகும். அப்பிடியே இரிந்தா தானா அடங்கும். எல்லாச் சுழியோடிக்கும் தெரியும்.”

ஒரு தொழிலில் உயிரைக் காத்த அந்த ஒழுங்கு, கரையில் அவருடைய உயிரைப் பறிக்கக் காத்திருந்தது என்பதை நான் அப்போதுதான் கண்டேன். வைத்தியர் சொன்ன சுவர்க் கதையை ஞாபகப்படுத்தினேன். “ஓம், நல்ல புள்ள அந்த டொக்டர்,” என்றார். “ஆனா அவ கடல்ல எறங்கினவ இல்லயே.” குளிசை போடுகிறீர்களா என்று கேட்டதற்கு, ஒளிக்காமல் தலையை ஆட்டினார், இல்லை என்று. “அந்த வெள்ளைக் குளிசையப் போட்டா கயிறு தொய்ஞ்சிருது மகள். அவன் கூப்பிடக்குள்ள நான் கைய விட்டா அது மனுசத்தனமா? ஒருதரம் விட்டது காணாதா?”

இரத்தம் உறைவதைப் பற்றி, மூளையைப் பற்றி, கைகால் விழுவதைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் மரியாதையோடு கேட்டார். ஒவ்வொன்றும் சரியான வாக்கியம். ஒவ்வொன்றும் அவரைத் தொடாமல் பக்கத்தால் போயிற்று. அவருக்கு முன்னால் இருந்தது சாவா வாழ்வா என்ற தெரிவே அல்ல. இரண்டாம் முறையாக ஒரு கூட்டாளியைக் கைவிடுவதா இல்லையா என்பதுதான்.

அடுக்களை வாசலில் சாச்சி நின்றிருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. மீன் ஆய்ந்த ஈரக் கைகளோடு நின்றாள். அவளுக்கு அதுவரை ஜின் என்றுதான் தெரியும். தன் நானா என்று இப்போதுதான் கேட்கிறாள். அவள் முகத்தில் ஒரு கணம் நான் கண்டது ஆசை. தானும் அந்த நெஞ்சில் காதை வைத்துக் கேட்கவேண்டும் என்ற ஆசை. இரண்டடி முன்னால் வந்தாள்; ஈரக்கை பாதிவரை உயர்ந்தது. பிறகு அதைத் தாழ்த்திச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“ஒங்கட கயிற என்ட நானா எதுக்குப் புடிச்சாரு? சொல்லுங்க.”

சாச்சா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“நான் சொல்லுறன். நான் புருசன எழந்து, வெள்ளை உடுத்து இத்தாவுல இரிக்கக்கூடா எண்டுதான் புடிச்சாரு. இப்ப அவரே வந்து என்னைய இத்தாவுல இருத்தப் பாக்கிறாரா? என்ட நானாவ அவ்வளவு கேவலமானவராவா ஆக்கிட்டீங்க?”

“அடியே, அவன்...”

“அவரு இல்ல அது.” அவளுடைய குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “அவரு மவுத்தாகிட்டாரு. அண்டைக்கே மவுத்தாகிட்டாரு.”

இறந்துவிட்டார் என்ற அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல்முறை. சாச்சாவும் அப்படித்தான் கேட்டிருக்கவேண்டும். தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். பிறகு, சிறு குரலில், எங்கள் இருவரிடமும் அல்லாமல் கேட்டார்:

“அப்ப இது ஆரு?”

அதற்கான விடை எனக்குத் தெரியும். ஆனால் சாச்சிதான் சொன்னாள்: “ஆரா இரிந்தாலும் நமக்கு வேணாம். எழும்புங்க.” அவருடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பற்றினாள். “இப்ப கயிறு என்ட கையில இரிக்கி. நான் இழுக்கிறன், வாங்க.” எங்கள் கரையில் வள்ளக் கயிற்றைப் பெண் தொட்ட வழக்கமில்லை. அவர் எழுந்து நடந்தார்.

அயல்வீட்டு இளைஞர் வேனைக் கொண்டுவந்தார். குறிஞ்சிப்பிட்டி வெங்காயத் தோட்டங்களையும் காற்றாலைகளையும் கடந்து புத்தளத்தை நோக்கிப் போனோம். அசையாத காற்றில் அந்த உயர்ந்த இறக்கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நின்றிருந்தன. சாச்சி மணிக்கட்டை விடவில்லை. பாலாவிக்குக் கிட்ட, “தம்பி, இப்பிடி ஓட்டினா டொக்டருக்கு முந்தி மய்யித்துக்...” என்று சாச்சா சாரதியைக் கேலி செய்யத் தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை. சொற்கள் வாயில் மணலாக உதிர்ந்தன. உதடு ஒருபக்கமாக இழுபட்டது. சாச்சியின் பிடிக்குள் இருந்த வலக்கை, மேலே தூக்கிய வெறுங்கயிறுபோல, பாரமே இல்லாததாகிவிட்டது என்று அவள் பின்னால் சொன்னாள்.

துணுக்கு ஒன்று மூளைக்குப் போயிருந்தது. வழியிலேயே நேர்ந்ததால் தாமதமின்றிச் சிகிச்சை செய்ய முடிந்தது என்றார்கள். அதைக் கேட்டபோது நான் நினைத்தது வேறொன்று. நாங்கள் அன்று புறப்படாமல் இருந்திருந்தால், அவர் அதே பிளாஸ்டிக் கதிரையில், அதே மரத்தடியில், அசையாமல் இருந்திருப்பார். வழக்கம்போலத்தான் இருக்கிறார் என்று எல்லோரும் தங்கள் வேலையைப் பார்த்திருப்போம். பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கூப்பிடும்வரை, பேச்சிழந்த ஒரு மனிதரை, அமைதியானவர் என்று நம்பிக்கொண்டு அவரருகே நடமாடியிருப்போம்.

சாச்சா பிழைத்தார். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. கோபம் வந்தால் மட்டும் இன்னும் குழறும். வலக்கையின் விரல்கள் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும், அதற்குமேல் இறுகா. இதயத்தைக் குளிசைகள் ஒழுங்கில் வைத்திருக்கின்றன. இரத்தம் உறையாதிருக்க இன்னொரு குளிசை. கட்டி திரும்பவில்லை. மருத்துவத்தின் பார்வையில் இது நல்ல முடிவு. நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் விளைவுகளை எடைபோடும்போது தட்டின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது. விடுதியில் அவரைப் பார்க்கப் போன ஒருநாள், இடக்கையை நெஞ்சின்மேல் வைத்தபடி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்டும் இல்ல மகள்,” என்றார். அது சுகச் செய்தி அல்ல. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிப் பார்த்தவரின் குரல் அது. திரையில் பச்சைக்கோடு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சீரான ஓட்டத்தில் எவரும் இல்லை என்பதை அவர் நாள்முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார். உயிரை மீட்டுக் கொடுத்தபோது அதே கையால் ஒரு கூட்டாளியை எடுத்துக்கொண்டோம். அது தவறு என்று நான் நினைக்கவில்லை. அதற்கு ஒரு விலை இருந்தது என்பதை மறக்கவும் விரும்பவில்லை. வீடு வந்தபின் அவர் தாமாகவே கேட்டதன் பேரில், சாச்சியின் நானாவுக்காக முதன்முறையாக வீட்டில் இறந்தோருக்கான கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார்கள். துஆவில் நானாவின் பெயரை மவுத்தானவர்களின் பெயர்களோடு சேர்த்துச் சொன்னபோது, சாச்சா தன் இடக்கையால் வலக்கையைத் தூக்கி, இரண்டையும் ஏந்திக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் அமைப்பின் வீட்டுச் சந்திப்புகளில் ஒரு மாற்றம் செய்தோம். நெஞ்சிலோ நுரையீரலிலோ சத்திரசிகிச்சை முடித்துத் திரும்பும் கடல் தொழிலாளரிடம், நோவு இருக்கிறதா, படபடப்பு இருக்கிறதா என்பவற்றோடு, நெஞ்சுக்குள் யாராவது இழுப்பதுபோலவோ தட்டுவதுபோலவோ நடப்பதுபோலவோ இருக்கிறதா என்றும் கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் சிரிக்கிறார்கள். சிலர் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து, ஓம் என்கிறார்கள். யார் என்று நாங்கள் கேட்பதில்லை. அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துப் போகிறோம்.